உபத்திரவத்தில் சந்தோஷமா? வேலூரில் நடந்த கதை

நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்டால் அடுத்த பேச்சு "வேலூருக்குக் கொண்டு போயிடுங்க" என்பதுதான். வேலூர் என்றால் அங்கே கோட்டையும் கிடையாது, ஜெயிலும் கிடையாது, சி.எம்.சி. ஆஸ்பத்திரி. நாட்றம்பள்ளியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தோல் ஏற்றிய லாரிகளும், ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களை அடைத்துக்கொண்டு ஓடும் வேன்களும் போகிற அதே சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில்தான் ஆம்புலன்ஸ்களும் போகின்றன.

அந்த ஆஸ்பத்திரியை 1900-ல் ஒரு சின்ன கிளினிக்காக ஆரம்பித்தவர் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்துவிட்டு அவர் டாக்டருக்குப் படிக்கப் போன கதை பலருக்கும் தெரியும். ஆனால் அதே ஆஸ்பத்திரியில் 1950-களில் நடந்த இன்னொரு கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கிறிஸ்தவர்களிடம் இரண்டாயிரம் வருடங்களாக இருக்கும் ஒரு கஷ்டமான கேள்விக்கு அந்தக் கதையில் ஒரு பதில் இருக்கிறது.

கேள்வி இதுதான். துன்பம் வரும்போது சந்தோஷப்படச் சொல்கிறது பைபிள். பொறுத்துக்கொள்ளச் சொன்னால்கூடப் பரவாயில்லை, சந்தோஷப்படச் சொல்கிறது! பவுல் எழுதிய கடிதங்களிலும் யாக்கோபின் கடிதத்திலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. அதிலும் பிலிப்பி ஊர் சபைக்கு பவுல் எழுதிய கடிதம் ஜெயிலுக்குள் இருந்து எழுதியது. அந்தச் சின்னக் கடிதம் முழுக்க சந்தோஷம் என்ற சொல் விரவிக் கிடக்கிறது. தமிழ் பைபிளில் துன்பத்துக்கு "உபத்திரவம்" என்று ஒரு சொல் போட்டிருப்பார்கள். வெளியே யாரும் அதைப் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. ஆனால் சர்ச்சில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஒரு நீளமான பிரசங்கம் காதில் விழும்.

இந்தக் கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "எல்லாம் தேவசித்தம், பொறுத்துக்கோ, பரலோகத்தில் பலன் உண்டு" என்பது. இன்னொன்று, "இதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்கிற பேச்சு" என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவது. இரண்டிலும் குறை இருக்கிறது. முதல் பதில், நஷ்டக் கணக்கை லாபக் கணக்கு என்று எழுதச் சொல்கிறது. வராத கடனை வரவில் எழுதி வைத்தால் ஆடிட்டர் விடுவாரா? இரண்டாவது பதிலுக்கு, நிஜமாகவே துன்பத்துக்குள் சந்தோஷமாக வாழ்ந்து காட்டிய ஆட்களை என்ன செய்வதென்று தெரிவதில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேர் வேலூரில் ஒரே சமயத்தில் இருந்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரர், மற்றவர் மலையாளி.

வெள்ளைக்காரரின் பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர் என்று சொன்னாலும் பிறந்தது 1914-ல் நம் கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின் இருவரும் அங்கே மிஷனரிகள். பிள்ளை இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1929-ல், அப்பா கடுமையான மலைக்காய்ச்சலில் இறந்துபோனார். அம்மா என்ன செய்தார் என்பதே ஒரு தனிக் கதை. கிட்டத்தட்ட 70 வயதில் மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்து அனுப்பியது. அவர் ஊருக்குப் போகவில்லை. திரும்ப மலையேறி ஒரு குடிசையில் தங்கி, கொல்லிமலை, கல்ராயன்மலை என்று மலை மலையாகக் குதிரையில் சுற்றினார். விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார், திரும்ப எழுந்து போனார். கடைசி இருபது வருடங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974-ல் 95 வயதில்தான் இறந்தார், கொல்லிமலையில் கணவர் பக்கத்திலேயே புதைத்தார்கள். "பாட்டி பிராண்ட்" என்று கூப்பிடுவார்களாம். பையன் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தார் என்று தெரிய இது போதும்.

பால் பிராண்ட் எலும்பு முறிவு டாக்டராகி 1946 கடைசியில் வேலூர் வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு பக்கம் இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். அங்கே நோயாளிகளின் கைகளைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. விரல்கள் பறவையின் கால்போல மடங்கிக் கிடந்தன. பாதி விரல்கள் இல்லை. ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவர் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலி தாங்கவில்லை! அப்படியானால் முன்கை தசைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, உள்ளங்கையில் இருக்கும் சின்னத் தசைகள் மட்டும்தான் செத்திருக்கின்றன. நன்றாக இருக்கும் தசைநாண் ஒன்றை எடுத்து மடங்கிய விரல்களுக்குக் கொண்டுபோய்த் தைத்தால் என்ன? 1948-ல் வேலூரில் அந்த ஆபரேஷனைச் செய்து பார்த்தார். விரல்கள் நிமிர்ந்தன.

விரல் நிமிர்ந்தது சரி, விரல் ஏன் காணாமல் போகிறது? அதுவரை தொழுநோய் வந்தால் சதை அழுகி விழும் என்றுதான் டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் நம்பவில்லை. ஒருநாள் ஒரு துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருகில் திருகிவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டுப்பட்டிருக்கிறது. அவனுக்கு அது தெரியவே இல்லை. வலி இல்லையே! பிறகு ஒவ்வொரு காயமாகத் துப்பறிய ஆரம்பித்தார்கள். சுடச்சுடப் பாத்திரத்தைத் தூக்கியதால் வந்த புண், கைப்பிடியில் துருத்திக்கொண்டிருந்த ஆணியால் வந்த புண்... ஆனால் ராத்திரியில் காணாமல் போகும் விரல்களுக்கு மட்டும் காரணம் புரியவில்லை. கண்விழித்துக் காவல் இருந்தபோது தெரிந்தது: எலி கடிக்கிறது, தூங்குகிறவர் எழுந்திருப்பதில்லை. அதற்குப்பின் வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பினார்களாம்.

நோய் விரலைத் தின்னவில்லை. வலி என்ற காவல்காரனை நோய் கொன்றுவிட்டது, மற்றதெல்லாம் காவல் இல்லாத வீட்டில் நடக்கும் திருட்டு. பிராண்ட் தன் வாழ்நாள் முழுக்க சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். வலி கடவுள் கொடுத்த வரம், யாரும் கேட்டு வாங்காத வரம்.

தோல் பெல்ட்டில் இருப்பவர்களுக்கு இதில் பிடித்துப்போகக் கூடிய ஒரு சங்கதி உண்டு. உணர்ச்சி இல்லாத கால்களில் புண் வராமல் இருக்க என்ன செருப்பு போடுவது என்று பிராண்டும் கூட இருந்தவர்களும் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கெட்டித் தோல் செருப்பு உறுத்தும், ஆணி அடித்தால் குத்தும், குத்தினாலும் தெரியாது. கடைசியில் நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர் அட்டையில் வந்து நின்றார்கள். அடியில் தேயாத கெட்டி ரப்பர், மேலே தோல் வார், எங்கும் ஆணி கிடையாது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அதன் பூர்வீகம் வேலூர் பக்கம்தான். 1955-ல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய்க்கென்றே ஓர் ஆராய்ச்சி ஆஸ்பத்திரி தொடங்கியது. அந்த வேலைகளில் பெரும்பகுதி அங்கே நடந்தது.

சரி, சந்தோஷம் எங்கே வந்தது?

1950-களின் தொடக்கத்தில் பிராண்ட் அமெரிக்கா போய்விட்டு இங்கிலாந்து வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லை. லண்டனுக்கு ரயிலில் வந்து இறங்கி, ராத்திரி காலுறையைக் கழற்றும்போது ஒரு குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தொழுநோயாளிகளுக்கு நடுவிலேயே வருடக்கணக்கில் இருந்தவர் என்ன நினைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை. மனைவி, குழந்தைகளை விட்டு ஒதுங்க வேண்டும், ஆபரேஷன் செய்ய முடியாது, தொழுநோய் சுலபமாகத் தொற்றாது என்று ஊர் முழுக்கச் சொல்லி நம்பவைத்தவருக்கே வந்துவிட்டது என்று தெரிந்தால் கூட வேலை செய்கிறவர்கள் பயந்து ஓடுவார்கள்... விடிந்ததும் திரும்ப ஊசியை எடுத்துக் குதிகாலில் குத்தினார். வலித்தது! அலறிவிட்டார். ரயிலில் கோணலாக உட்கார்ந்து வந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

இது ஒரு மாதிரியான சந்தோஷம். வலியின் பயன் தெரிந்தவனின் சந்தோஷம். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு யாக்கோபுக்கும் பவுலுக்கும் பதில் சொல்ல முடியாது. பிராண்டுக்கு விடிந்ததும் வலி திரும்பி வந்தது, கால் திரும்பி வந்தது. திரும்பியே வராதவர்கள்?

இங்கேதான் மலையாளி டாக்டர் வருகிறார்.

மேரி வர்கீஸ் 1925-ல் கொச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் செறாயியில் பிறந்தவர். வசதியான கிறிஸ்தவக் குடும்பம். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படித்துவிட்டு 1946-ல் வேலூரில் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். படிப்பு முடித்துப் பெண்கள் நோய், பிரசவப் பிரிவில் தேற வேண்டும் என்று ஆசை. ஐடா ஸ்கடர் கட்டிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டருக்கு அதைவிடப் பொருத்தமான ஆசை இருக்க முடியாது.

1954 ஜனவரி 30. இளம் டாக்டர்கள் கொஞ்சப்பேர் ஒரு வண்டியில் வெளியூர் கிளம்பினார்கள். வண்டி கவிழ்ந்தது. மேரிக்கு முகத்தில் எலும்புகள் முறிந்தன, அதைவிடப் பெரிய அடி முதுகுத்தண்டில். நினைவு திரும்பிச் சில காலத்துக்குப் பின் அவருக்கே தெரிந்துவிட்டது. டாக்டருக்கு யார் பொய் சொல்ல முடியும்? இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வயது 28.

அன்றைக்கு இந்தியாவில் முதுகுத்தண்டு முறிந்தவர்களின் கதி என்ன என்று தெரிந்துகொள்வது அவசியம். பெரும்பாலும் படுக்கைப்புண்ணிலோ சிறுநீர்த் தொற்றிலோ கொஞ்சக் காலத்தில் இறந்துவிடுவார்கள். படுக்கைப்புண் ஏன் வருகிறது? ஒரே இடம் அழுந்தும்போது நமக்கு வலிக்கிறது, புரண்டு படுக்கிறோம். இவர்களுக்கு வலிக்காது, புரளவும் முடியாது. தொழுநோயாளியின் உள்ளங்காலில் வருகிற அதே புண்தான், அதே காரணம்தான். பிராண்டின் நோயாளிகளுக்கும் மேரிக்கும் இருந்த சம்பந்தம் அவர்கள் சந்திப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

பல மாதங்கள் படுக்கை, ஆபரேஷன் மேல் ஆபரேஷன். அவரும் மனுஷிதானே... ஜெபித்தார், அழுதார், நடக்க முடியும் என்று நம்பினார், பிறகு நம்பிக்கை போயிற்று. பார்க்க வந்தவர்களில் பலர் தேவசித்தம் என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இன்றைக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தோடு சேர்ந்து வருகிற ஆறுதல் அதுதானே. ஆனால் மேரியின் வாழ்க்கையைத் திருப்பியது ஆறுதல் வார்த்தை இல்லை. பிராண்ட் ஒருநாள் வந்து ஒரு வேலை கொடுத்தார். கை ஆபரேஷனை டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டே செய்வது வழக்கம். பிரசவம் பார்க்க நிற்க வேண்டும், தொழுநோயாளியின் கையைச் சரிசெய்ய நிற்க வேண்டாம். உன் கைகள் நன்றாகத்தானே இருக்கின்றன, கற்றுக்கொள்கிறாயா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம்.

மேரிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அதோடு, தொழுநோய்ப் பிரிவு யாரும் ஆசைப்பட்டுப் போகிற இடமும் இல்லை அன்றைக்கு. ஆனாலும் போனார். சக்கர நாற்காலியை ஆபரேஷன் மேஜையை ஒட்டித் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து தசைநாண்களைத் தேடிப் பிரித்து, இழுத்துத் தைத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார்.

அங்கே யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. தொழுநோயாளிகளின் விரக்தி எப்படிப்பட்டது என்பதற்கு பிராண்டே ஓர் அனுபவம் சொல்லுவார். கை சரியாகி வெளியே போன சிலர் திரும்பி வந்து, இந்தக் கையால் பிச்சைகூடக் கிடைப்பதில்லை என்று வருத்தப்பட்டார்களாம். மடங்கிய கைக்கு இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள் நிமிர்ந்த கைக்குப் போடவில்லை. தொழுநோயாளி என்பதால் வேலையும் கொடுக்கவில்லை. ஆபரேஷன் வெற்றி, ஆள் பட்டினி! அதற்காகத்தான் 1951 வாக்கில் கல்லூரி வளாகத்திலேயே "புது வாழ்வு நிலையம்" என்று ஒரு சின்னக் கிராமத்தைக் கட்டி, தச்சுவேலை போன்ற தொழில்கள் சொல்லிக்கொடுத்தார்கள். மூட்டுவலியால் வருடக்கணக்காகத் துடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான மிஷனரி அம்மா தன் சேமிப்பைக் கொடுத்துத்தான் அது ஆரம்பமானது. அப்படிப்பட்ட இடத்துக்குள், முகத்தில் தழும்போடு, சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர் வருகிறார். நடக்க முடிகிற நோயாளிகளுக்கு நடக்க முடியாத டாக்டர். அவரைப் பார்த்ததும் அங்கே இருந்தவர்களின் முகமே மாறியதை பிராண்ட் கவனித்திருக்கிறார். எத்தனை பிரசங்கம் செய்தும் அவரால் கொடுக்க முடியாததை அந்த நாற்காலி கொடுத்துவிட்டது.

மேரி அதோடு நின்றிருந்தாலே பெரிய விஷயம். நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய், முதுகுத்தண்டு முறிந்தவர்கள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, யார் துணையும் இல்லாமல் அன்றாட வேலைகளை எப்படிச் செய்துகொள்வது என்று பயிற்சி எடுத்தார். அங்கேதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்: தனக்குக் கிடைத்த இந்தப் பயிற்சி தென்னை மரத்திலிருந்தும் பனை மரத்திலிருந்தும் விழுந்து கிடக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கு எங்கே கிடைக்கும்? பிறகு உதவித்தொகை பெற்று நியூயார்க் போனார். மறுவாழ்வு மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் படித்தார். 1960-களின் அமெரிக்காவில்கூட சக்கர நாற்காலிக்காரர்கள் படிகளோடு போராட வேண்டியிருந்தது. ஓர் இந்தியப் பெண் தனியாகப் போய் அங்கே படித்துத் திரும்பியதை இன்றைய விமான நிலைய லிஃப்ட் வசதிகளை வைத்து எடைபோடக் கூடாது.

1963-ல் சி.எம்.சி.யில் உடலியக்க மருத்துவம், மறுவாழ்வுப் பிரிவு அவர் தலைமையில் ஆரம்பித்தது. 1966-ல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த மாதிரியில் அதுதான் முன்னோடி. 1972-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1986 டிசம்பரில் இறந்தார். விபத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட 33 வருடங்கள்! கொஞ்சக் காலம்கூடத் தாங்காது என்று நினைத்த உடம்பு.

அவர் சந்தோஷமாக இருந்தாரா என்று கேட்கலாம். கூட இருந்தவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963-ல் வெளியிட்ட அவரது வாழ்க்கை வரலாற்றைப் படித்தாலும் அதுதான் தெரிகிறது. ஆனால் அது எப்படிப்பட்ட சந்தோஷம் என்பதுதான் கவனிக்க வேண்டியது. விபத்து நல்லது என்று அவர் யாரிடமும் வாதாடவில்லை. நல்லதாக இருந்தால் அடுத்தவர்களின் விபத்துகளைச் சரிசெய்ய ஏன் இரண்டு கண்டம் தாண்டிப் போய்ப் படிக்க வேண்டும்? நஷ்டத்தை நஷ்டம் என்றே எழுதினார். மிச்சம் இருந்த முதலை, அதாவது இரண்டு கைகளை, எங்கே போடலாம் என்று பார்த்தார். சந்தோஷம் வேலையோடு சேர்ந்து வந்தது. வேலை கிடைக்கும் முன் படுக்கையில் கிடந்த அந்த மாதங்களில் அது வரவில்லை என்பதும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிற ஓர் உதாரணமும் தமிழ்நாட்டிலேயே உண்டு. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூர் இல்லத்தை நடத்திய ஏமி கார்மைக்கேல் 1931-ல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951-ல் சாகும்வரை பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஓடியாட முடியாதவர் என்ன செய்வது? படுக்கையிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். அதில் நோயாளிகளுக்கென்றே எழுதியதும் உண்டு. நலமாக இருப்பவர்கள் எழுதி அனுப்பும் ஆறுதல் புத்தகங்கள் நோயாளிக்கு உதவாது என்பது அவர் கருத்து. நேர்மாறு என்று தோன்றினாலும் கடைசியில் பார்த்தால் அவரும் கையில் மிச்சம் இருந்ததை வைத்து வேலைதான் செய்திருக்கிறார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், குருவிகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து "அம்மை" என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

நாட்றம்பள்ளிக்குப் பக்கத்திலேயே திருப்பத்தூரில் இருக்கும் கிறிஸ்துகுல ஆசிரமத்தையும் இதில் சேர்க்கலாம். சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1921-ல் ஆரம்பித்தது. ஊரார் பெரியண்ணன், சின்னண்ணன் என்று கூப்பிட்டார்கள். சின்னண்ணன் பணக்கார ஸ்காட்லாந்துக் குடும்பத்துப் பிள்ளை. கதர் கட்டிக்கொண்டு 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் நின்றதற்காக போலீஸ் அவர்மேல் சாயத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது, அடியும் விழுந்தது. இது தானாகத் தேடிக்கொண்ட உபத்திரவம். மேரிக்கு வந்தது தேடி வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

தராசு என்றதும் இன்னொரு விஷயத்தைப் பேசாமல் விட்டால் இந்தப் பகுதிக்கு நியாயம் செய்ததாகாது. பாலாற்றங்கரையில் டேனரிக் கழிவால் கிணறும் நிலமும் கெட்டுப்போனவர்கள் பட்டதும் உபத்திரவம்தான். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்ததும் உபத்திரவம்தான். அவர்கள் வீட்டில் போய், துன்பத்தில் சந்தோஷப்படு என்று யாராவது வசனம் சொன்னால் அது எவ்வளவு அநியாயம்! பாலாற்று மக்களுக்காக வேலூர் நலச் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வாங்கியது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்திய தீர்ப்பு அது. மனிதன் உண்டாக்கிய துன்பத்துக்கு முதலில் கேட்க வேண்டியது கணக்கு.

பிராண்டும் மேரியும் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே வேண்டாம். வலி வரம் என்று சொன்ன பிராண்ட் எலிக்குப் பூனை வாங்கிக் கொடுத்தார், ஆணி இல்லாத செருப்பு செய்தார். வலி ஒரு சேதி, சேதி வந்தால் எழுந்து ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய இறையியல். சேதியைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு துதி பாடுவதை அவர் வரம் என்று சொல்லவில்லை. பவுலின் கடிதங்களையும் இந்த வெளிச்சத்தில் வாசித்தால் வேறு மாதிரி தெரிகிறது. ஜெயிலுக்குள் இருந்த அந்த மனிதரும் சும்மா உட்கார்ந்து சந்தோஷப்படவில்லை. கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தனக்கு இருந்த ஏதோ ஒரு தீராத வலியை நீக்கச் சொல்லி மூன்று முறை வேண்டிக்கொண்டதாகவும் கொரிந்து சபைக்கு எழுதியிருக்கிறார். நீக்கச் சொல்லிக் கேட்பது விசுவாசக் குறைவு இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. சர்ச்சில் பிரசங்கம் செய்கிறவர்கள் அந்த மூன்று முறையைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பதுதான் குறை.

பிராண்ட் 1966-ல் அமெரிக்காவுக்குப் போனார், அங்கேயும் தொழுநோய் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்து 2003-ல் இறந்தார். பாகாயத்து நிலையத்துக்கு இப்போது மேரி வர்கீஸ் பெயரே வைத்திருக்கிறார்கள். மரத்திலிருந்து விழுந்தவர்கள், கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர்கள், நெடுஞ்சாலையில் பைக்கோடு போய் மோதியவர்கள் என்று பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். கூடவே வீட்டு ஆள் ஒருவரும் தங்கி, புரட்டிப் படுக்க வைப்பதிலிருந்து எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்பது முதல் பாடம். வலி எழுப்பாத இடத்தில் கடிகாரம் எழுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே சிகிச்சை முடித்துப் போனவர்களை வருடம் ஒருமுறை திரும்பக் கூப்பிட்டு "ரீஹேப் மேளா" என்று நடத்துகிறார்கள். மருத்துவப் பரிசோதனை உண்டு, சக்கர நாற்காலியிலேயே விளையாட்டுப் போட்டிகள் உண்டு, பாட்டு உண்டு. பெட்டிக்கடை வைத்திருப்பவர், தையல் மிஷினைக் கையால் ஓட்டுகிறவர் என்று பலவிதமானவர்கள் வருகிறார்கள். எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள். பழைய நோயாளிகளைப் புது நோயாளிகளின் கட்டில் பக்கம் உட்கார வைத்துப் பேசவிட்டால், என்ன மருந்து சாப்பிட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டு வாசல்படியை என்ன செய்தாய், பாத்ரூம் கதவை எவ்வளவு அகலம் வைத்தாய், மாசம் எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்பதுதான் பேச்சு.